ஒன்றரை மில்லிகிராம்

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன் ஊரிகத்தில் எனக்கு இருந்த இடம் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் பலரும் பலவிதமாகப் பேசியதால் இது அவசியமாகிறது. நான் தங்கச் சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோர் ஆண்டு வேலை பார்த்தவன். கடைசிப் பதினோர் ஆண்டு அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவன். வேதியியலில் பி.எஸ்ஸி., முதல் வகுப்பு. பூமிக்கடியிலிருந்து வரும் பாறையில் தங்கம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது என் தொழில். பாறையை மாவாக இடித்து, ஈயச் சாம்பலும் வெங்காரமும் கலந்து உலையில் உருக்கி, திரண்டு வரும் ஈயத்தை எலும்புச் சாம்பலால் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து எரித்தால், ஈயமெல்லாம் போய் அடியில் கடுகைவிடச் சிறிய மணி ஒன்று நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் அதை நிறுக்க வேண்டும். பக்கத்தில் யாராவது தும்மிவிட்டால் மறுபடி முதலிலிருந்து நிறுப்போம். நான் எழுதிக் கொடுத்த எண்ணைப் பார்த்துத்தான் சுரங்கத்தின் எந்த ஆழத்தில், எந்த லெவலில் வேலை தொடரலாம், எதை மூடலாம் என்று மேலிடம் தீர்மானித்தது. முப்பத்தோர் ஆண்டில் என் எண் ஒன்றுகூடச் சந்தேகத்தின் பேரில் திரும்பி வந்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் மரியாதைக்குக் குறைவில்லை. ஆங்கிலத்தில் வரும் கடிதங்களையும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் மருந்து உறைகளையும் என்னிடம் கொண்டுவந்து படித்துக் கேட்பது ஊரில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. நான் மறுத்ததில்லை. மருந்து என்பது வேதியியலின் ஒரு சிறிய கிளை என்பதே அன்று என் எண்ணம். மருத்துவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அது அவர்களுடைய அறியாமை என்று நினைத்திருந்தேன்.

என் மகளை ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில், சுரங்கத்துக்குள் ஷிப்ட் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் மகனுக்குக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளர். என் உறவினர் சிலர், மேலே வேலை பார்த்த குடும்பம் கீழே இறங்கினவர் வீட்டில் பெண் கொடுப்பதா என்று முணுமுணுத்தார்கள். நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன். அந்தப் பெருந்தன்மையைச் சம்பந்தி மறந்துவிடாதபடி அவ்வப்போது பார்த்தும் கொண்டேன். அவர் பள்ளியில் அதிகம் படித்தவரல்லர். ஆனால் நான் சொல்வதை அவர் கேட்டதுபோல வேறு எவரும் கேட்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

சுரங்கம் மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டு அது. மூடப் போகிறார்கள் என்ற பேச்சு தினமும் பெங்களூர் ரயிலிலேயே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மாலையில் ஊரிகம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், வேப்பமரத்தடி பெஞ்சில் ஓய்வு பெற்றவர்கள் நாங்கள் ஆறேழு பேர் கூடுவோம். அதை ஒரு மருத்துவக் கவுன்சில் என்றே சொல்ல வேண்டும். மருத்துவப் பட்டம் மட்டும் ஒருவரிடமும் இல்லை. சர்க்கரைக்கு இன்ன இலை, வாயுவுக்கு இன்ன வேர், மூட்டு வலிக்கு இன்ன எண்ணெய் என்று தீர்ப்புகள் வழங்கப்படும். வழங்கியவர்களில் பாதிப் பேர் அந்தந்த நோயோடு நொண்டிக்கொண்டேதான் வீட்டுக்குப் போவார்கள்.

அந்தக் கவுன்சிலுக்கு அவ்வாண்டு ஒரு புதிய செய்தி வந்தது. வெயிலில் நிற்காத மனிதனுக்கு வைட்டமின் டி குறையும்; அது குறைந்தால் எலும்பு பலமிழக்கும். யாருடைய மகனோ பெங்களூரிலிருந்து கொண்டுவந்த செய்தி. செய்தியில் பிழை இல்லை. அது போய்ச் சேர்ந்த இடம்தான் பிழை. காலம் முழுவதும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கிச் சூரியனுக்கு முதுகைக் காட்டிய கூட்டம் அது. மறுநாளே அத்தனை பேருக்கும் எலும்பு வலித்தது. வாழ்நாளெல்லாம் டைம் ஆபீசில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து ஆள் வந்ததைப் பதிந்த குமாஸ்தாவுக்குக்கூட வலித்தது. ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகக் காலை முதல் மாலைவரை வெயிலில்தானே திரிகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, பழைய குறை அப்படியெல்லாம் தீராது என்று பதில் வந்தது.

உண்மையாக வலித்தது சம்பந்திக்குத்தான். தொடையிலும் இடுப்பிலும் வலி. பெஞ்சிலிருந்து எழுவதற்கு இரண்டு கையையும் ஊன்றுவார். மாப்பிள்ளை அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். இரத்தம் எடுத்து, படம் எடுத்து, கையில் ஒரு சீட்டையும் சிறிய காகித உறைகளில் ஏதோ ஒரு வெள்ளைக் குருணையையும் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் மாலை சம்பந்தி இரண்டையும் பெஞ்சுக்குக் கொண்டுவந்தார்.

“சம்பந்தி, இத்த கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. புள்ள சொன்னான், இருந்தாலும் நீங்க சொன்னா ஒரு திருப்தி.”

படித்தேன். வாரத்துக்கு ஒரு பாக்கெட், பாலில் கலந்து, எட்டு வாரம். பிறகு மறுபடி இரத்தம் பார்க்க வர வேண்டும். கூடவே தினமும் ஒரு கால்சியம் மாத்திரை.

அதற்குள் குமாஸ்தா பாக்கெட்டைப் பிடுங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“இன்னாய்யா போட்டுகீது இதுல? ஆறு, அப்பால நாலு சைபரு… அறுபதாயிரம் யூனிட்டா! எங்க ஊட்டுக்கு மாசம் நாப்பது யூனிட்டு கரண்டு வருது. நீ இத்த குடிச்சா பல்பு கணக்கா எரிவய்யா!”

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

“இன்னா சம்பந்தி, அம்மாம் பெரிசா? ஒடம்பு தாங்குமா?”

அந்த இடத்தில் நான், எழுதியிருக்கிறபடி சாப்பிடுங்கள் என்று சொல்லிச் சீட்டை மடித்துக் கொடுத்திருக்கலாம். அப்படித்தான் சொன்னேன் என்று நினைவை வளைத்துக்கொள்ளப் பின்னாளில் பலமுறை முயன்றும் பார்த்தேன். நினைவு வளையவில்லை. பெஞ்சு முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. குமாஸ்தாவை மட்டம் தட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடவும் எனக்கு மனமில்லை.

“நம்பரைப் பார்த்துப் பயப்படாதீங்க. நாற்பது யூனிட் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோகிராம். அறுபதாயிரம்னா ஒன்றரை மில்லிகிராம். அவ்வளவுதான். பாக்கெட்டில் மிச்சம் இருக்கிறதெல்லாம் சர்க்கரை.”

“ஒண்ணரை மில்லிகிராம்னா எத்தினி இருக்கும்?”

“ஒரு அரிசியைப் பதினைந்து துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு.”

“அத்த தின்னா எறும்புக்கே பசி ஆறாதே!” என்றார் குமாஸ்தா, கட்சி மாறி.

“அப்ப தினத்துக்கு ஒண்ணா குடிச்சா இன்னா சம்பந்தி? சீக்கிரம் தேறலாமே. அவரு எதுக்கு வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதிகீறாரு?”

“அது அவர் வழக்கம். வாரம் ஒன்றோ, நாள் ஒன்றோ, ஒன்றரை மில்லிகிராம் யாரையும் ஒன்றும் செய்யாது.”

இதைச் சொன்னவன் யார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கைப்பிடிப் பாறை மாவிலிருந்து ஒன்றரை மில்லிகிராம் மணி என் தராசில் விழுந்திருந்தால், நான் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிப்போய்ச் சூப்பரிண்டெண்டின் கதவைத் தட்டியிருப்பேன். அந்தக் காலத்துப் பாறையில் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. ஒரு மில்லிகிராமில் ஒரு சிறு பகுதி பிசகினால் ஒரு லெவலே மூடப்பட்டு ஐம்பது பேர் வேறிடம் போக நேரும் என்று உதவியாளர்களை விரட்டி விரட்டி வேலை வாங்கியவன் நான். சின்ன எடைக்கு எவ்வளவு பலம் என்பதை ஊரில் எவரைவிடவும் நன்றாக அறிந்தவன், ஓர் அரிசித் துண்டைக் காட்டிச் சிரிக்கவைத்தான். எலும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எரித்துச் சாம்பலாக்கிய எலும்பு மட்டுமே என்பதும் அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சம்பந்தி சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் பயம் போய்விட்டிருந்தது.

மூன்று நான்கு வாரத்தில் அவர் கையை ஊன்றாமல் எழுந்தார். கவுன்சில் அதை எனக்கு வந்த பெருமையாகவே எடுத்துக்கொண்டது, நானும் தடுக்கவில்லை. அதற்கப்புறம் அவர் வருவது குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. சோறு பிடிக்கவில்லையாம், வாந்தியாம், மலச்சிக்கலாம், ஓயாத தாகமாம் என்று செய்திகள் வந்தன. பெஞ்சு உடனே கூடி ஆராய்ந்தது. சர்க்கரை என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். நான், சுரங்கம் மூடப்போகிற துக்கம் இப்படியெல்லாம் உடம்பில் வெளிப்படும் என்று நீண்ட விளக்கம் ஒன்று கொடுத்தேன். நல்ல விளக்கம்தான். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். அதில் ஒரு சொல்கூட உண்மையில்லை.

மகள் ஆள் அனுப்பினாள், அப்பா வந்து பார்க்கட்டும் என்று. என் மனைவியும் நானும் போனோம். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் லைன் வீட்டின் முன்னறையில் சம்பந்தி கட்டிலில் கிடந்தார். கண் குழி விழுந்து, உதடு வெடித்திருந்தது.

சம்பந்தியம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டே பேசினார். “வாங்கண்ணா. கொடம் கொடமா தண்ணி குடிக்கிறாரு, அத்தினியும் ஒண்ணுக்கா போவுது. ஒரு வாய் சோறு எறங்கல. காலையில என்னியப் பாத்து, ‘யாரும்மா நீ, எந்த ஷிப்டு’ன்றாரு. நாப்பது வருசமா குடித்தனம் பண்ணிகினு கீறேன், எந்த ஷிப்டாம்!”

என் மனைவி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

கட்டிலருகே முக்காலியில் ஒரு தகர டப்பா இருந்தது. அது என்ன டப்பா என்று எனக்குத் தெரியும். ஆழமான லெவல்களில் சூடு தாங்க முடியாது; வேர்த்துக் கொட்டும். அதனால் கேஜில் இறங்குமுன் ஆட்களுக்கு உப்பு மாத்திரை கொடுப்பார்கள். ஷிப்டுக்கு ஷிப்ட் அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு இறங்குவது கீழே வேலை பார்த்தவர்களின் பழக்கம். தவறினால் கால் இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும். அதை யாரும் மருந்தாக நினைத்ததில்லை. வெள்ளையாக எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது என்பதே அவர்களுடைய மருத்துவம். சம்பந்தி தன் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதைத் திறந்தேன்.

உள்ளே ஒரு பக்கம் பிரிக்காத பாக்கெட்டுகள் ஒன்பது. மறுபக்கம் காலி உறைகள், நான்காக மடித்து, நூல் கட்டி அடுக்கியிருந்தன. வெடிமருந்து உறைகளை எறியாமல் எண்ணித் திருப்பிக் கொடுத்துப் பழகிய கை அது, எதையும் எறியாது. எண்ணினேன். ஐம்பத்தேழு. இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எட்டுதான் இருந்திருக்க வேண்டும்.

“சம்பந்தி, இதெல்லாம் எப்படி?”

அவர் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரமாயிற்று.

“காலையில ஒண்ணு… உப்பு மாத்திர கணக்கா. மெடிக்கல்ல சீட்டக் காட்டினா குடுக்கிறான்… பாலு ரெண்டு டம்ளரு. அந்த மாத்திரையும் ரெண்டு வேள.” மூச்சு வாங்கியது. “நீங்கதான சொன்னீங்க. ஒண்ணரை மில்லிகிராம்.”

அறையில் எங்கள் நால்வரைத் தவிர யாரும் இல்லை. மகளும் மாப்பிள்ளையும் வாசலில் நின்று வாடகைக் கார் பேசிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மாவுக்கு அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாது. அந்தச் சொல்லை என் வாயால் தினமும் கேட்டிருந்த என் மனைவிக்குத் தெரிந்தது. டப்பாவை மூடி எடுத்துக்கொண்டேன்.

பெங்களூர் போய்ச் சேரும்வரை காரில் டப்பா என் மடியில் இருந்தது. சம்பந்தியின் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. இவர் போய்விட்டால் என் மகள் எந்த முகத்தோடு அந்த வீட்டில் இருப்பாள், நான் எந்த முகத்தோடு ஊரிகத்தில் நடப்பேன் என்று மாறி மாறி நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டில் எது முதலில் தோன்றியது என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டரம்மா ஒருவர். டப்பாவைக் கொடுத்து, “ஐம்பத்தேழு” என்றேன். அவர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்தபோது முகம் இறுகியிருந்தது. இரத்தத்தில் கால்சியம் மிக ஏறிவிட்டதாகவும், சிறுநீரகம் சிரமப்படுவதாகவும் சொன்னார். இந்த வைட்டமின் தண்ணீரில் கரைந்து வெளியே போகிற வகையல்ல. கொழுப்பில் தங்கிக்கொண்டு நிதானமாக வேலை செய்யும். வாரம் ஒன்று என்று எழுதுவதே அதனால்தான். மேலே மேலே கொட்டினால் குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் சுண்ணாம்பை இழுத்து இரத்தத்தில் விடும். தாகம், வாந்தி, குழப்பம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. பாக்கெட்டு, மாத்திரை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நரம்பில் சலைன் ஏற்ற வேண்டும். உள்ளே சேர்ந்தது வடிய வாரங்கள் ஆகும்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அளவு மிகவும் சிறியதுதானே, டாக்டர்? ஒன்றரை மில்லிகிராம்…” என்றேன்.

“எதோட ஒப்பிட்டா சிறிசு, சார்?” என்றார் அவர். “ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுறது சில மைக்ரோகிராம். நீங்க சொல்ற ஒன்றரை மில்லிகிராம் அதைப் போல நூறு மடங்குக்கு மேல.”

முப்பத்தோர் ஆண்டில் திரும்பி வராத என் எண் முதன்முறையாகத் திரும்பி வந்தது.

பிறகு அவர் சம்பந்தியின் பக்கம் குனிந்து, “ஐயா, வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதியிருக்கே, யார் உங்களைத் தினமும் குடிக்கச் சொன்னது?” என்று கேட்டார். மாப்பிள்ளையும் மகளும் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். என் கை கட்டில் கம்பியில் இருந்தது.

காலையில் பெண்டாட்டியை அடையாளம் தெரியாத மனிதர், இந்தக் கேள்விக்கு மட்டும் தெளிவாகப் பதில் சொன்னார்.

“யாரும் சொல்லலீங்க டாக்டரம்மா. நானாத்தான். படிப்பு கம்மி.”

மாப்பிள்ளை, “எத்தனை தடவைப்பா சொன்னேன், வாரத்துக்கு ஒண்ணு, வாரத்துக்கு ஒண்ணுன்னு” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே பார்ப்பதற்கு ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றுமில்லை.

சம்பந்தி பிழைத்தார். பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். முழுதாகத் தேற மூன்று மாதம் ஆயிற்று. இடையில் நான்கு முறை இரத்தம் பார்த்தார்கள். சிறுநீரகம் பெரும்பாலும் தன் நிலைக்கு வந்துவிட்டது. மீண்டும் பெஞ்சுக்கு வந்தபோது கவுன்சில் அவரை ஒரு போர்வீரனைப் போல வரவேற்றது. குமாஸ்தா, “சொன்னனே, பல்பு எரியும்னு. பீசே போயிடுச்சு பாரு!” என்றார். இத்தனை பேரில் அந்த எண்ணைப் பார்த்து முதலில் மிரண்டவர் அவர்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு மகிழ்ச்சியில்லை.

அதற்குப் பிறகு யாராவது மருந்து உறையைக் கொண்டுவந்தால், எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, வேறென்ன சாப்பிடுகிறீர்கள், கல்லடைப்பு உண்டா, எத்தனை வாரம் என்றார் டாக்டர், மறுபடி இரத்தம் பார்க்கச் சொன்னாரா என்று கேட்பேன். பதில் தெரியாதவர்களைச் சீட்டு எழுதியவரிடமே திருப்பி அனுப்பிவிடுவேன். இதனால் எனக்கு மதிப்புக் குறைந்தது. முன்னெல்லாம் உடனே சொல்லிவிடுவார், இப்போது வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

சுரங்கம் மூடிய சில மாதத்தில் பேரனுக்குக் காது குத்தினார்கள். ஸ்கெலட்டனில் பந்தல் போட்டு, இரு வீட்டாரும் பெஞ்சுக்காரர்களும் கூடியிருந்த இடத்தில் சம்பந்தி என்னை முன்னால் அழைத்து ஒரு சால்வையைப் போர்த்தினார்.

“இவரு இல்லன்னா நான் இன்னிக்கு இல்ல. டப்பாவத் தொறந்து பாத்து, எண்ணிச் சொல்லி, என்னிய இட்டுகினு போனாரு. நான் முட்டாத்தனமா குடிச்சேன். இவரு படிச்சவரு, கண்டுபுடிச்சாரு.”

எல்லோரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளை காலைத் தொட்டு வணங்கினார். நான் சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு இரண்டு வார்த்தை பேசவும் செய்தேன். ஊர் மக்கள் மருந்து விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று.

அன்று வீடு திரும்பியதும் என் மனைவி அந்தச் சால்வையை மடித்துக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

“ஏங்க, இது எத்தனை மில்லிகிராம் இருக்கும்?”

அவள் அதை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். இதுவரை வெளியே எடுக்கவில்லை.

ஊரில் இன்னும் பல கதைகள் உலவுகின்றன. சம்பந்தி நூறு பாக்கெட் குடித்தார் என்கிறார்கள்; குடித்தது ஐம்பத்தேழு. ஆய்வுக்கூடத்திலிருந்து நான் ஏதோ விஷப்பொடி எடுத்துக் கொடுத்தேன் என்று இரண்டொருவர் சொல்வதாகக் கேள்வி; அவர்களுக்குப் பதில் எழுதுவது என் தகுதிக்குக் குறைவு. படிப்பில்லாத மனிதர், டாக்டர் சொன்னதைப் புரிந்துகொள்ளாமல் தானாகவே குடித்துவிட்டார் என்று மற்ற எல்லோரும் சொல்கிறார்கள். சம்பந்தியும் இன்றுவரை அப்படியே சொல்கிறார். அது தவறு. அவர் சரியாகப் புரிந்துகொண்டு என்னிடம் கேட்டார். ஒன்றும் செய்யாது என்று நான் சொன்னேன். அதனால் குடித்தார்.